கோர்லிட்ஸில் இரண்டு நாளும் மறந்துபோன ஒரு கார்டும்

ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பாரிஸ் போயாச்சு, ப்ராக் போயாச்சு, வெனிஸில் வாடை பிடிக்காமல் ஒரே நாளில் திரும்பியும் ஆச்சு. ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் கோர்லிட்ஸை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாத்திரம் துலக்கிக்கொண்டே மனைவி கேட்டாள்: "ஏங்க, நாளைக்கு மழை இல்லையாம். அந்த போலந்து பார்டர் ஊருக்குப் போயிட்டு வரலாமா?" ரெண்டு பேரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்னும் மாதப் பாஸ் இருந்ததால் ரயிலுக்குத் தனிச் செலவில்லை. ஒரு ராத்திரிக்கு ரூம் மட்டும் போட்டோம்.

எனக்கு எல்லை ஊர் என்றால் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. நான் பிறந்தது செங்கோட்டை. எங்கள் தாத்தா திருவாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாத்தா அன்றைக்கும் அதே திண்ணையில் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டிருப்பார். எல்லை நகர்வது என்றால் அவ்வளவுதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோர்லிட்ஸ்தான் ஜெர்மனியின் கிழக்குக் கடைசி நகரம். ஊரை ஒட்டி நைஸ என்ற ஆறு ஓடுகிறது. ஆறு என்று சொல்கிறேனே தவிர, அக்டோபரில் நம்மூர்ப் பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். இக்கரை ஜெர்மனி, அக்கரை போலந்து. அக்கரை ஊரின் பெயர் ஸ்கொஜெலெட்ஸ். இரண்டும் ஒரே பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த பெயர்கள். காட்டை எரித்துத் திருத்திய இடம் என்று பொருள். 1071-லேயே ஏட்டில் ஏறிய ஊர். 1945 வரை இரண்டு கரையும் சேர்ந்து ஒரே நகரம்.

ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போனோம். வழியில் 1913-ல் கட்டிய பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடிக் கூரையும் படிக்கட்டுமாக உள்ளே அரண்மனை போல இருக்குமாம். 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' படத்தின் ஹோட்டல் லாபி இதற்குள்தான் எடுக்கப்பட்டது. கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்ததில் தூசிதான் தெரிந்தது. மேலே நடந்தோம்.

உன்டர்மார்க்ட் என்னும் கீழ்ச்சந்தைச் சதுக்கத்துக்கு வந்ததும் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டோம். கோதிக், மறுமலர்ச்சிக் காலம், பரோக் என்று நானூறு ஐந்நூறு வருஷத்து வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஊரில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 4,000. இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் எரிந்து தரைமட்டமானது, இந்த ஊரோ பெரிய சேதமில்லாமல் தப்பியது. இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், துணியும் சாயமும். அவுரி போல நீலச் சாயம் தரும் ஒரு செடி இந்தப் பக்கம் முக்கியச் சரக்கு. 1339-ல் கோர்லிட்ஸுக்கு ஓர் உரிமை கிடைத்தது. அந்தச் சாயச் சரக்கோடு வரும் வியாபாரிகள் இங்கே இறக்கி விற்பனைக்கு வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வழியில் உட்கார்ந்து வியாபாரியை நிறுத்திப் பெருத்த கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நகராட்சிக் கோபுரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கடிகாரம். கீழ்க் கடிகாரத்தின் நடுவில் ஒரு தலை, நிமிடத்துக்கு ஒரு தரம் வாயைத் திறந்து மூடுகிறது. ஏழெட்டுக் கொட்டாவி வரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சதுக்கத்தின் ஓரமாக ஒரு கல் வாசல் இருக்கிறது. கிசுகிசு வளைவு என்று பெயர். வளைவுக் கல்லில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு பக்கத் தூணில் வாயை வைத்து மெல்லப் பேசினால் குரல் பள்ளத்தோடு ஏறி இறங்கி மறுபக்கத் தூணில் காது வைத்திருப்பவருக்குக் கேட்கும். வாய் படும் இடத்தில் கல் வழுவழுவென்று எண்ணெய் தேய்த்த அம்மி போல ஆகிவிட்டது. முன்னால் ஒரு ஜெர்மன் ஜோடி என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்தது. நான் போய்க் காதை வைத்தேன். கல் ஜில்லென்றிருந்தது. முதலில் ஒரு மூச்சுச் சத்தம், அப்புறம் காதுக்குள்ளேயே உட்கார்ந்து சொன்ன மாதிரி தெளிவாக, "பசிக்குது."

சாப்பிடப் போகும் முன் ஒரு விஷயம். கிழக்கு ஜெர்மனி காலத்தில் இந்த வீடுகளைக் கவனிக்க ஆளில்லை, பல வீடுகள் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டன. 1995-ல் யாரோ ஒருவர் பழைய ஊரைப் புதுப்பிக்க பத்து லட்சம் மார்க் கொடுத்தார். அடுத்த வருஷமும் அதே தொகை வந்தது. யூரோ வந்த பிறகு வருஷத்துக்கு 511,500 யூரோ. 2016 வரை இது தவறாமல் நடந்தது. கொடுத்தவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தன் பெயர் வெளியே வரக் கூடாது. இன்றுவரை வரவில்லை. டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது சுலபத்தில் நம்பக்கூடிய விஷயமாக இல்லை.

பேதுரு தேவாலயத்தில் 1703-ல் கசபரீனி என்பவர் அமைத்த ஆர்கன் இருக்கிறது. முகப்பில் 17 சூரியன்கள், சிலவற்றைச் சுற்றிக் கதிர் போலக் குழல்கள். வாசிப்பதைக் கேட்டிருக்கலாம், ஆனால் காதில் இன்னும் அந்த 'பசிக்குது' ஒலித்துக்கொண்டிருந்தது. தேவாலயத்தின் பின்னால் இறங்கினால் பழைய ஊர்ப் பாலம். நடந்தும் சைக்கிளிலும் மட்டும் போகலாம்.

இந்தப் பாலத்துக்கு வயது கொஞ்சம்தான். முன்பு இங்கே இருந்த பாலத்தை 1945 மே 7-ம் தேதி, போர் முடிய ஒரு நாள் இருக்கும்போது, பின்வாங்கிய ஜெர்மன் ராணுவமே குண்டு வைத்துத் தகர்த்தது. 2004-ல், போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அதே வருஷம், புதிதாகக் கட்டினார்கள். நடுவில் 59 வருஷம் இந்த இடத்தில் வெறும் தண்ணீர். பாலத்தில் எல்லைக்கோடு எங்கே என்று தேடினேன். தெரிவதற்குள் அக்கரை வந்துவிட்டது.

அக்கரை ஓட்டலில் ஆற்றைப் பார்த்த மேசை கிடைத்தது. பரிமாறிய பெண்ணிடம் மனைவி போனில் பழகி வைத்திருந்த போலிஷ் வணக்கமான "ஜென் தொப்ரி"யைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஜெர்மனில் பதில் சொன்னாள். பியெரோகி ரஸ்கியே வாங்கினோம். உருளைக்கிழங்கும் தயிர்ப் பாலாடைக்கட்டியும் பிசைந்து உள்ளே வைத்து, மைதா மாவை அரை வட்டமாக மடித்து, வேகவைத்து, மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். மனைவி ஒன்றை முள்கரண்டியால் திருப்பி ஓரத்தைப் பார்த்தாள். சோமாசி ஓரத்தை மடிப்பது போல விரலால் கிள்ளிக் கிள்ளி மடித்திருந்தது, ஒரு மடிப்பு பெரிது, ஒன்று சிறிது. "கையாலதான் பண்ணியிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு எட்டையும் முடித்தாள். என் தட்டில் இருந்து இரண்டு.

கரையை விட்டுக் கொஞ்சம் மேலே போனால் சிகரெட் கடை, முடி வெட்டும் கடை, பணம் மாற்றும் 'கன்டோர்' எல்லாம் வரிசையாக. ஜெர்மானியர்கள் முடி வெட்டவும் பெட்ரோல் போடவும் இங்கே வருகிறார்கள். அந்தப் பக்கம் போலிஷ்காரர்கள் வேலைக்கும் சாமான் வாங்கவும் போகிறார்கள். ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே யாகோப் பொமெ வாழ்ந்த வீடு. செருப்புத் தைப்பவர். ஒரு நாள் தகரத் தட்டில் பட்ட வெயிலைப் பார்த்து ஞானம் பெற்றார் என்பார்கள். அவர் எழுதியது ஊருக்குள் பரவியதும் தலைமைப் பாதிரியாருக்குக் கோபம். 1613-ல், இனி எழுதாதே, செருப்பை மட்டும் தை என்று தடை. சில வருஷம் அடங்கி இருந்துவிட்டு மறுபடி எழுதினார். இன்று அவர் வீடு போலந்தில், கல்லறை ஜெர்மனியில். 1624-ல் செத்தவருக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை.

இருந்தவர்களுக்குத்தான். 1945-ல் எல்லை நைஸ ஆற்றுக்கு வந்ததும், கிழக்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மானியர்கள் கையில் அள்ளியதோடு மேற்கே விரட்டப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கு வந்தவர்களில் பலர் போலந்தின் கிழக்கிலிருந்து, அந்த நிலத்தைச் சோவியத் எடுத்துக்கொண்டதால், கிளம்பி வந்த போலிஷ்காரர்கள். அடுத்து கிரேக்கர்கள். கிரேக்க உள்நாட்டுப் போர் 1949-ல் முடிந்ததும் ஓடிவந்த ஆயிரக்கணக்கானோரை இங்கே குடிவைத்தார்கள். ஆற்றோரச் சாலைக்கே கிரேக்கர் பெயர்தான். பெயர்ப் பலகையின் கீழே நின்று தாத்தாவின் திண்ணையை நினைத்தேன். இங்கே எல்லை நகர்ந்தபோது ஒருவருக்கும் திண்ணை மிஞ்சவில்லை.

அன்றைக்கு ரூமில் போய்ப் படுத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி பாலம் தாண்டினோம். 1902-ல் கட்டிய மாளிகை ஒன்றைப் பார்க்க. ஜெர்மன் பேரரசர்களின் நினைவுக்கென்று எழுப்பியது, இன்று போலந்தின் பண்பாட்டு மாளிகை. 1950 ஜூலை 6-ம் தேதி கிழக்கு ஜெர்மனியின் பிரதமர் க்ரோட்டவோலும் போலந்தின் பிரதமர் சிரான்கியேவிச்சும் இதற்குள் உட்கார்ந்துதான் இந்த ஆற்றை எல்லையாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்கள். பேரரசருக்குக் கட்டிய மண்டபத்தில் பேரரசின் நிலத்தை எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். இடம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1972-ல் விசா இல்லாமல் போய்வரலாம் என்று திறந்த எல்லை, போலந்தில் தொழிலாளர் போராட்டம் கிளம்பியதும் 1980-ல் மூடிக்கொண்டது. 2007 டிசம்பர் 21 முதல் சோதனையே கிடையாது என்றானது.

2023 அக்டோபரில் ஜெர்மனி மறுபடி சோதனையைக் கொண்டுவந்தது. இதை நான் செய்தியில் படித்ததுதான். படித்ததோடு சரி.

திரும்பும்போது கார்கள் போகும் பெரிய பாலம் வழியாக வந்தோம். ஜெர்மன் முனையில் கூடாரம், இரண்டு காவலர்கள். எங்களுக்கு முன்னால் போன நான்கைந்து பேரை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்ததும் கை நீண்டது. மனைவி தன் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு கார்டையும் எடுத்துக் கொடுத்தாள். நான் ஜாக்கெட்டைத் தடவினேன். பேன்ட், பை, மறுபடி ஜாக்கெட். கார்டும் பாஸ்போர்ட்டும் ரூமில், நேற்றுப் போட்ட சட்டைக்குள். போனில் படம் இருந்தது, காட்டினேன். இளவயசுக் காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அசல் வேண்டும். உங்கள் மனைவி போய் எடுத்து வரட்டும். நீங்கள் இங்கேயே இருங்கள்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. "விசா இன்டர்வியூவுக்கு மூணு ஜெராக்ஸ் எடுத்த ஆளு நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பாலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இரண்டு வாத்துகள் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு கிழவர் நாயோடு போலந்துக்குப் போனார், பத்து நிமிடத்தில் கையில் ரொட்டிப் பையோடு திரும்பினார். காவலர் நாயைத் தட்டிக் கொடுத்தார். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன் என்று தெரிந்ததும், நிற்க வேண்டாம், ஓரமாகத் திண்டில் உட்காருங்கள் என்றார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியாவில் தெற்கே, அதுவும் ஒரு எல்லை ஊர்தான் என்றேன். அங்கே சோதனை உண்டா என்றார். மணல் லாரியையும் மாட்டு லாரியையும் நிறுத்துவார்கள் என்று ஜெர்மனில் சொல்ல வார்த்தை வரவில்லை. "கொஞ்சம்" என்றேன்.

நாற்பது நிமிடம் கழித்து மனைவி மூச்சு வாங்க வந்தாள். கையில் நீல பிளாஸ்டிக் ஃபைல். எங்கே போனாலும் கூடவே வரும் ஃபைல்: கல்யாணச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் உட்பட. "எதைக் கேப்பாங்கன்னு தெரியலை, அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்." காவலர் கார்டை மட்டும் வாங்கி, என் முகத்தை ஒரு தரம் பார்த்து, டாங்கே என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று விநாடி.

பாலத்துக்குப் பக்கத்துப் பூங்காவில்தான் பதினைந்தாவது தீர்க்கரேகைக் கல் இருக்கிறது. நம் மணிக்கு மிர்சாபூர்ப் பக்கம் போகும் ரேகை எப்படியோ, மத்திய ஐரோப்பா முழுக்கக் கடிகாரம் வைக்க இந்த ரேகைதான் கணக்கு. ஜெர்மனியில் 1893 ஏப்ரல் 1 முதல் இதுவே சட்டம். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. "இதையாவது பார்த்துட்டுப் போலாம்" என்றாள். ரேகைக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்றாள். படம் எடுத்தேன். ஃபைலைக் கீழே வை என்றேன். வைக்கவில்லை, படத்தில் அதுவும் இருக்கிறது, கக்கத்தில்.