சங்கத்து அட்டை வாங்கியாச்சு, அப்புறம்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் பொறியாளர் சங்கங்கள் உறுப்பினர் சேர்க்க மேசை போட்டு உட்கார்ந்துவிடும். ஐ ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கம்), எஸ்.ஏ.இ. இந்தியா (வாகனப் பொறியாளர்கள்), ஐ.எஸ்.டி.இ. (தொழில்நுட்பக் கல்வி), இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (எல்லாத் துறைப் பொறியாளர்களும்) என்று வரிசையாக. சீனியர் சொன்னார் என்று பணம் கட்டி உறுப்பினர் அட்டை வாங்குகிறவர்கள் நிறைய. அந்த அட்டையை வைத்து நிதியோ போட்டியோ விருதோ கேட்கிறவர்கள் மிகக் குறைவு. கேட்டும் கிடைக்காமல் போகிறதென்றால், ஐடியா சரியில்லை என்பதைவிடத் தேதி, சான்றிதழ், அளவீடு, வங்கிக் கணக்கு இவற்றில் ஏதோ ஒன்றில் இடித்திருக்கும்.

முதலில் தேதி. ஐ ட்ரிபிள் ஈ உறுப்பினர் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிகிறது. நம் கல்வியாண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜூலையில் சேர்ந்தவர் அடுத்த ஜூலை வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஜனவரியில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் ‘உறுப்பினர் இல்லை’ என்று வரும். செமஸ்டர் தேர்வு நடக்கும் நவம்பர், டிசம்பரிலேயே புதுப்பிக்க வேண்டியிருப்பதால்தான் இது மறந்து போகிறது. குழுவில் ஒருவர் புதுப்பிக்காவிட்டாலும் மொத்த விண்ணப்பமும் நின்றுவிடும். எனவே குழு சேரும் அன்றே எல்லோருடைய உறுப்பினர் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாமல் கலந்துகொள்ளக்கூடியது ஐ ட்ரிபிள் ஈ எக்ஸ்ட்ரீம். 2006-இல் தொடங்கிய 24 மணி நேர நிரல் போட்டி. ஓர் அணியில் அதிகபட்சம் மூன்று பேர், மூவரும் மாணவர் உறுப்பினர்கள். உலகம் முழுக்க ஒரே நேரத்தில், கிரீன்விச் நேரம் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது காலை 5.30. வழக்கமாக அக்டோபரில், சனிக்கிழமை. இங்கேதான் வேலூர்க் கணக்கு வருகிறது. அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம், கரண்ட் போகும். தீபாவளியோ ஆயுதபூஜையோ ஒட்டி வந்தால் விடுதி காலியாக இருக்கும், ஆய்வகச் சாவி யாரிடம் என்றே தெரியாது. ஐந்து மணிக்கு ஆய்வகம் திறக்கவும், மாணவிகள் இரவு ஆய்வகத்தில் தங்கவும் எழுத்தில் அனுமதி வாங்க ஒரு வாரம் பிடிக்கும். அணியைக் கண்காணிக்க மாணவர் நிலைக்கு மேலான ஐ ட்ரிபிள் ஈ உறுப்பினர் ஒருவர் வேண்டும், பெரும்பாலும் ஆசிரியர்தான். அவரிடம் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, மூவரும் ஒரே கேள்வியில் விழுவதுதான் வழக்கமான தவறு. ஒருவர் எல்லாக் கேள்விகளையும் வாசித்து எளிது, நடு, கடினம் என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. முழு விடை வராவிட்டாலும் சில டெஸ்ட் கேஸ் (நிரலைச் சோதிக்கத் தரும் உள்ளீடுகள்) தேறினால் அதற்கான மதிப்பெண் உண்டு. எனவே முதலில் மெதுவாக ஓடும் நேரடி விடையைப் போட்டுவிட்டு, பிறகு வேகப்படுத்துங்கள். பைத்தானில் எழுதுகிறவர்கள் உள்ளீட்டை வரிவரியாக வாங்காமல் மொத்தமாக வாசிக்கப் பழகுங்கள். பல ‘டைம் அவுட்’ அங்கேதான் வருகிறது. முதலிடம் பிடிக்கும் அணிக்கு ஐ ட்ரிபிள் ஈ மாநாடு ஒன்றுக்குப் பயணச் செலவோடு அழைப்பு. அது கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து யோசித்த பழக்கம் கேம்பஸ் நேர்காணலில் கைகொடுக்கும்.

அடுத்தது நிதி. என் பார்வையில் நம் பகுதி மாணவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது ‘எபிக்ஸ் இன் ஐ ட்ரிபிள் ஈ’. எபிக்ஸ் என்ற கல்வி முறை 1995-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவானது: மாணவர்கள் உள்ளூர் சேவை அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, அதற்குத் தேவையான ஒரு கருவியைச் செய்து கொடுப்பது. ஐ ட்ரிபிள் ஈ அதை 2009-இல் எடுத்துக்கொண்டது. 1,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை நிதி. சுற்றுச்சூழல், மாற்றுத்திறனாளிகள் அணுகல், மனித சேவை, கல்வி என்று நான்கு பிரிவுகள். உள்ளூரில் ஒரு சேவை அமைப்பு ‘இது எங்களுக்கு வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் இல்லாத விண்ணப்பம் வெறும் பைனல் இயர் பிராஜெக்ட்.

வட ஆற்காட்டில் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் பிரச்சினை தேடி அலைய வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றுக் கரையோரத் தோல் தொழிலும் கிணற்று நீரும் கண்முன் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டப் பாடத்திலேயே இடம்பெற்றது. இதனாலேயே ஒரு தொல்லையும் உண்டு: மாணவர்கள் முதல் இரண்டு பக்கத்தை அந்த வரலாற்றுக்கே செலவழித்துவிடுகிறார்கள். மதிப்பிடுபவருக்கு அது இரண்டு வரி போதும். எந்த ஊர், எத்தனை கிணறு, இப்போது தண்ணீரை யார் எப்படிச் சோதிக்கிறார்கள், உங்கள் கருவி அதில் எதை மாற்றும் என்பதுதான் அவர் தேடுவது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். கிணற்று நீரின் உப்பளவைச் சொல்லும் மலிவான மீட்டர். உப்பு கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதை அளப்பதுதான் இதன் வேலை. எல்லோரும் முன்மொழிவது இதைத்தான், பெரும்பாலோர் தவறு செய்வதும் இதில்தான்.

இரண்டு எஃகுக் கம்பிகளைத் தண்ணீரில் வைத்து ஐந்து வோல்ட் டி.சி. (ஒரே திசை மின்னோட்டம்) கொடுத்து அளவைப் படிக்கிறார்கள். சில நொடியில் கம்பியின் மேல் வாயுக் குமிழ் படியும், அயனிகள் ஒரு பக்கமாகக் குவியும், அளவு தானாக நகரும். டி.சி. கூடாது, மைக்ரோகன்ட்ரோலரின் இரண்டு பின்களை மாற்றி மாற்றி இயக்கி ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவில் ஏ.சி. (திசை மாறும் மின்னோட்டம்) கொடுங்கள், படிக்கும் நேரம் தவிர மற்ற நேரம் அணைத்து வையுங்கள்.

அடுத்து வெப்பநிலை. தண்ணீரின் மின்கடத்துத்திறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். ஆய்வுக்கூட மதிப்பு 25 டிகிரிக்கு. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 35 டிகிரியில் மீட்டர் 2,400 மைக்ரோசீமென்ஸ் காட்டினால், அதை 1.2-ஆல் வகுத்து 2,000 என்று எழுத வேண்டும். திருத்தாமல் விட்டால் மே மாதத்தில் தண்ணீர் கெட்டுவிட்டது, டிசம்பரில் சரியாகிவிட்டது என்று ஒரு பொய்க் கிராப் கிடைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீர்புகாத டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றைக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே கட்டினால் இந்தச் சிக்கல் தீரும்.

அளவுதிருத்தம். 105 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராமை, வாலை வடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 25 டிகிரியில் 1,413 மைக்ரோசீமென்ஸ். இதில் கம்பிகளை வைத்துச் செல் மாறிலியை (உங்கள் கம்பிகள் காட்டும் அளவைச் சரியான மதிப்பாக்கப் பெருக்க வேண்டிய எண்) கண்டுபிடியுங்கள். கேன் தண்ணீரில் கரைத்தால் அதிலிருக்கும் உப்பும் சேர்ந்துவிடும், கணக்கு கெட்டது.

பிறகு மின்கடத்துத்திறனை டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள திடப்பொருளின் மொத்த அளவு) ஆக்குவது. 0.64-ஆல் பெருக்கு என்று இணையத்தில் கிடைக்கும். உண்மையில் தண்ணீரில் இருக்கும் உப்பைப் பொறுத்து அது 0.5 முதல் 0.7 வரை மாறும். பச்சைத் தோல் கெடாமலிருக்கச் சேர்த்த சோற்றுப்பு கழுவும்போது கலந்த தண்ணீருக்கும், பாறை இடுக்குச் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் ஒரே எண் பொருந்தாது. நம் கிணற்றின் எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். வடிகட்டிய நீர் 100 மி.லி.யை எடை பார்த்த கிண்ணத்தில் ஆவியாக்கி, 180 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி, ஆறவைத்து எடை போடுங்கள். 0.128 கிராம் நின்றால் லிட்டருக்கு 1,280 மி.கி. வேதியியல் துறையில் அடுப்பும் தராசும் இருக்கும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஐந்தாறு கிணறுகளுக்கு இப்படி ஒப்பிட்ட ஓர் அட்டவணை, விண்ணப்பத்தில் நூறு வரி வர்ணனைக்குச் சமம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி.யை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதியாகவும் சொல்கிறது. அந்த இரண்டு கோடுகளையும் உங்கள் வரைபடத்தில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள்: தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தை ‘இந்த மீட்டர் கண்டுபிடிக்கும்’ என்று. அதே தர நிர்ணயத்தில் மொத்தக் குரோமிய வரம்பு 0.05 மி.கி. ஆயிரத்துச் சொச்சம் மி.கி. உப்புக்கு நடுவில் அதைக் கடத்துத்திறனால் பிரித்துச் சொல்லவே முடியாது. அதற்கு நிறமானி ஆய்வு வேண்டும். விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் மீதியைப் படிக்கவே மாட்டார். ‘உப்பு திடீரென ஏறினால் எச்சரிக்கும், பிறகு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவோம்’ என்று எழுதினால் அது நேர்மையும் கூட, நம்பும்படியும் இருக்கும்.

பட்ஜெட்டில் சென்சார் விலையை மட்டும் போட்டுவிட்டு மாற்றுக் கம்பி, நீர்புகாப் பெட்டி, அளவுதிருத்த ரசாயனம், ஓராண்டுக்குப் பிறகு யார் பராமரிப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். பணம் வரும் வழியையும் முன்கூட்டியே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொகை என்றால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரலாம். எந்தக் கணக்கில் வாங்குவது என்று கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சிறு தொகை போதும் என்பவர்கள் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸின் ஆய்வு மானியத்தைப் பாருங்கள். அது டிப்ளமோ மாணவர்களுக்கும் உண்டு.

மெக்கானிக்கல்காரர்கள் எஸ்.ஏ.இ. இந்தியாவின் பாஹா பற்றிக் கேட்பார்கள். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியை மாணவர்களே செய்து ஓட்டும் போட்டி அது. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கே 2007 முதல். எஞ்சின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வகை எஞ்சின், கடைசியில் நான்கு மணி நேர ஓட்டம். ஆனால் பல வண்டிகள் ஓட்டத்துக்கு வருவதே இல்லை, தொழில்நுட்பச் சோதனையிலேயே நின்றுவிடும். ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக்கான முதன்மைக் குழாய் 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் என்பது அடிப்படை அளவு. சென்னை பாரிமுனையில் குழாய் வாங்கும்போது அந்த லாட்டுக்கான சோதனைச் சான்றிதழையும் பில்லோடு கேட்டு வாங்குங்கள். வெல்டு வைத்த பிறகு கேட்டால் கடைக்காரர் கை விரிப்பார். பிரேக்கில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆக வேண்டும். ஆகாவிட்டால் முதல் சந்தேகம் லைனில் நிற்கும் காற்று. அடுத்தது மாஸ்டர் சிலிண்டர் துளைக்கும் பெடல் விகிதத்துக்கும் பொருத்தமில்லாதது. சிப்காட்டில் ஒரு நல்ல வெல்டரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ராணிப்பேட்டையில் டிப்ளமோ முடித்து ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920-இல் சென்னையில் பதிவாகி, 1935-இல் அரச சாசனம் பெற்று, இன்று கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் ஏ.எம்.ஐ.இ. தேர்வு, செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு கட்டம். வேலை பார்த்துக்கொண்டே படித்து அதனால் பொறியாளர் ஆனவர்கள் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. ஆனால் மத்திய அரசு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்பது 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு சேர்ந்தவர் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அதைக் காட்டினால் நிற்காது. ‘ஏ.எம்.ஐ.இ. முடித்தால் பி.இ.’ என்று இன்னும் விளம்பரப்படுத்தும் கோச்சிங் நிலையங்களிடம் பணம் கட்டும் முன் இந்தத் தேதியைக் கேளுங்கள். பட்டம்தான் வேண்டுமென்றால் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் பகுதி நேர பி.இ. இருக்கிறது, கஷ்டம், ஆனால் கேள்வி வராது.

விருதுகள் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. இந்தியப் பொறியியல் தேசிய அகாடமி, ஐ.எஸ்.டி.இ., ஐ ட்ரிபிள் ஈ மூன்றிலும் மாணவர், ஆசிரியர் விருதுகள் உண்டு. இவற்றோடு சேர்ந்து ‘சர்வதேசச் சிறந்த இளம் பொறியாளர் விருது, நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், 4,999 ரூபாய் கட்டவும்’ என்ற ரக மெயில்களும் வரும். நீங்கள் விண்ணப்பிக்காமலே தேர்வானால், விருதுக்குக் கட்டணம் கேட்டால், நடுவர் பெயரோ முந்தைய ஆண்டு பெற்றவர் பட்டியலோ இல்லையென்றால், அதை அழித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

உண்மையான விருதுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம். ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்’ என்று ஹெச்.ஓ.டி. எழுதித் தருவது யாருக்கும் பயன்படாது. அவரிடம் போகும்போதே அரைப் பக்கம் தயாராக எடுத்துச் செல்லுங்கள்: என்ன செய்தீர்கள், எந்த எண் எவ்வளவிலிருந்து எவ்வளவாக மாறியது, குழுவில் உங்கள் பங்கு எது, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு கொடுத்து, ஒரு வாரம் முன்பு ஒருமுறை நினைவுபடுத்துங்கள். அமெரிக்க நேரப்படி கடைசி நாள் என்று போட்டிருந்தால், நம் ஊரில் மறுநாள் காலை வரை நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்தை நம்பிக் கையெழுத்துக்குக் காத்திருக்காதீர்கள், கல்லூரி அலுவலகம் ஐந்து மணிக்கே பூட்டிவிடும்.