பாஹின் ஷாக்கோன்: ஒற்றை வயலினில் பல குரல்கள்

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1720 என்று ஆண்டு குறித்துத் தம் கைப்பட எழுதிய சுவடி ஒன்றில், துணைக்கருவி ஏதுமில்லாத தனி வயலினுக்கான ஆறு படைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் டி மைனரில் (டி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட, சோகச் சாயல் மிக்க ஸ்வர வரிசையில்) அமைந்த இரண்டாம் பார்ட்டீட்டாவின், அதாவது நடனப் பகுதிகளின் தொகுப்பின், இறுதிப் பகுதிதான் ஷாக்கோன். அதற்கு முன் வரும் நான்கு நடனப் பகுதிகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை, ஏறத்தாழ கால் மணி நேரத்தை, இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மேற்கத்திய செவ்வியல் இசையில் நான் அதிக முறை கேட்டது இதைத்தான்.

இதன் அடிப்படை மிக எளியது. மூன்றடித் தாளத்தில் இரண்டாம் அடியில் எடுக்கப்படும் ஒரு சிறிய கீழ்க்குரல் நகர்வு திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் இசை மாறிக்கொண்டே போகிறது. வியப்பு, அது வயலினில் நிகழ்வதில்தான். தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்திருப்பதால், வில்லால் ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளையே நிலையாக ஒலிக்கச் செய்ய முடியும். நான்கு ஸ்வரங்களை அடுக்க வேண்டுமானால், வாசிப்பவர் கீழ்த்தந்திகளைத் தொட்டுவிட்டு உடனே மேல்தந்திகளுக்கு வில்லைக் கொண்டுசெல்ல வேண்டும். கைவிடப்பட்ட கீழ் ஸ்வரம் அப்போதே நின்றுபோகிறது. ஆனால் கேட்பவரின் செவி அதை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, மேலே எழும் குரலோடு சேர்த்துக்கொள்கிறது. ஆக, இந்த இசையின் ஒரு பாதி நமக்குள்தான் வாசிக்கப்படுகிறது.

1720 கோடையில், பாஹ் தம் புரவலரான இளவரசர் லியோபோல்டுடன் கார்ல்ஸ்பாடுக்குச் சென்றிருந்தபோது, அவர்கள் வாழ்ந்த கோத்தன் நகரில் பாஹின் மனைவி மரியா பார்பரா இறந்து, பாஹ் திரும்புவதற்குள் அடக்கமும் நடந்துவிட்டது. ஷாக்கோன் அம்மனைவிக்கான இரங்கற்பா என்று பலர் எழுதுகிறார்கள். சுவடியில் அதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தக் கதை இல்லாமலே இந்த இசையின் துயரம் முழுமையாக நிற்கிறது என்பதே என் எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டினருக்கு வயலினின் தனிமை போதவில்லை போலும்; இசையமைப்பாளர்களான மெண்டல்சோனும் ஷூமனும் இதற்குப் பியானோ துணை எழுதினார்கள். அவை இசையை மெருகேற்றினாலும், செவிக்கு விடப்பட்ட இடத்தை நிரப்பிவிடுகின்றன. இன்னொரு இசையமைப்பாளரான பிராம்ஸ் நேர்மாறாகச் செய்தார். 1877-இல் இதைப் பியானோவின் இடது கைக்கு மட்டுமாக அமைத்து, ஷூமனின் மனைவியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்கு அனுப்பினார். ஒரு கையால் வாசிக்கும்போதுதான் வயலின் கலைஞரின் நெருக்கடியை ஓரளவேனும் உணர முடியும் என்பது பிராம்ஸின் கருத்து. எனக்கு அந்த வடிவமே மூலத்துக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

பாதி வழி கடந்ததும் இசை, மைனரைவிட ஒளிமிக்க ஸ்வர வரிசையான டி மேஜருக்குத் திரும்புகிறது. அதற்குச் சற்று முன்பு வில் நான்கு தந்திகளிலும் அலையலையாகப் பாய்ந்து சென்றிருக்கும். அந்த ஆரவாரம் அடங்கி, தாழ்ந்த குரலில் மேஜர் தொடங்கும் கணத்தில், எத்தனை முறை கேட்டிருந்தாலும் என் மூச்சு ஒரு நொடி நின்றுவிடுகிறது. பிறகு ஒரே ஸ்வரம் மும்மூன்றாகத் தட்டித் தட்டி ஒலிக்க, தொலைவில் எக்காளம் ஊதுவதுபோல ஒரு பெருமிதம் வளர்கிறது. அதுவும் நிலைப்பதில்லை, மைனர் மீள்கிறது. இறுதியில் தொடக்கக் கருவே மீண்டும் வந்து, அடுக்குகள் யாவும் உதிர்ந்து, மேஜர் என்றோ மைனர் என்றோ சொல்ல இடம்தராத டி என்னும் ஒற்றை ஸ்வரத்தில் நிற்கிறது.