அக்கா, எத்தனை நாளா அரிக்குது?

ஞானப்பல்லைப் பிடுங்கிய இடத்தில் சீழ் வைத்துவிட்டது என்று பல் மருத்துவர் ஒரு வாரத்துக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். பல் ஆறிவிட்டது. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள், சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பிறப்புறுப்பில் அரிப்பு ஆரம்பித்தது. இருபது பிள்ளைகளுக்கு முன்னால் என்ன செய்ய முடியும்? காலை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் அக்கறையாக, "டீச்சர், டாய்லெட் போகணுமா?" என்று கேட்டான்.

சாயங்காலம் பார்த்தால் உள்ளாடையில் திரிந்த பால் போல வெள்ளையாக, கட்டி கட்டியாக இருந்தது. வாடை எதுவும் இல்லை. சிறுநீர் போகும்போது வெளியே தோலில் பட்டு எரிந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வேற ஒண்ணுமில்ல, உடம்பு சூடு. வெந்தயத்த ஊறவச்சுச் சாப்பிடு, இளநீர் குடி" என்றார். எங்கள் வீட்டில் வெள்ளைப்படுதல் என்றால் சூடு, அவ்வளவுதான். இரண்டு நாள் வெந்தயம் சாப்பிட்டேன், தேக்கா சந்தையிலிருந்து இளநீர் வாங்கி வந்து குடித்தேன். வயிறு குளிர்ந்திருக்கும், அரிப்பு குறையவில்லை. போதாததற்கு, வாசனைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அது நான் செய்த பெரிய தவறு. அன்று இரவு எரிச்சலில் தூக்கமே இல்லை. அங்கே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்திதான் சொன்னாள், இதற்கு உள்ளே வைக்கிற மாத்திரை இருக்கிறது, பார்மசியிலேயே வாங்கலாம் என்று. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குப் போனேன். ஷாம்பூ, வைட்டமின் மாதிரி அலமாரியில் இருந்து எடுத்துக்கொண்டு காசு கட்டிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது மருந்தாளரின் மேசைக்குப் பின்னால் இருக்கும், அவர் கேள்வி கேட்டுவிட்டுத்தான் தருவார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் மருந்தாளர் இருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு இரவு சொறிவதற்கு அது மேல்.

மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். பார்த்தால் மேசையில் இருந்தது தமிழ்ப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். என்னைப் பார்த்ததுமே, "சொல்லுங்கக்கா" என்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'டிஸ்சார்ஜ்' என்று சொல்ல வாய் கூசாது, ஏதோ அலுவலக விஷயம் மாதிரி வந்துவிடும். 'வெள்ளைப்படுது' என்பதைச் சிறு வயதிலிருந்தே நான் கிசுகிசுப்பாகத்தான் கேட்டிருக்கிறேன். பின்னால் வேறு ஒரு மாமா இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். அவள் புரிந்துகொண்டு மேசையின் ஓரத்துக்கு என்னைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும், "அக்கா, எத்தனை நாளா அரிக்குது?" என்று கேட்டாள். தலைவலி எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கும் சுலபமாகிவிட்டது.

நிறையக் கேட்டாள். இதற்கு முன் வந்திருக்கிறதா? ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வருகிறதா? கர்ப்பமா? காய்ச்சல், அடிவயிற்று வலி? ரத்தம் கலந்து வருகிறதா? மீன் வாடை அடிக்கிறதா, மஞ்சள் பச்சையாக இருக்கிறதா? சர்க்கரை நோய் உண்டா? வாடை அடித்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அது வேறு தொற்றாக இருக்கலாம், இந்த மாத்திரை அதைத் தொடாது என்றாள். முதல் தடவை வருகிறவர்களையும் கர்ப்பிணிகளையும் டாக்டரிடம்தான் அனுப்புவாளாம். எனக்கு மகன் பிறந்த பிறகு ஒரு தடவை வந்து டாக்டர் பார்த்திருந்தார். அறிகுறியும் அச்சு அசல் அதேதான்.

ஆன்டிபயாடிக் பற்றிச் சொன்னதும் தலையாட்டினாள். கேண்டிடா என்ற பூஞ்சை கொஞ்சமாக நம் உடம்பில் எப்போதும் இருக்கக்கூடியதுதான். அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பல்லுக்குச் சாப்பிட்ட மருந்தில் சேர்ந்து செத்துப்போக, இது பெருகிவிட்டது. சூடும் இல்லை, சுத்தக்குறைவும் இல்லை.

அந்தப் பூஞ்சைக்கான மருந்தின் பெயர் குளோட்ரிமசோல். 500 மில்லிகிராம் ஒரே மாத்திரையாக ஒரே இரவில் வைக்கலாம். 100 மில்லிகிராமாக ஆறு இரவு வைப்பதும் உண்டு. ஆறு இரவு ஞாபகம் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது, ஒன்றையே கேட்டேன். மாதவிலக்கு எப்போது என்று கேட்டாள். நான்கைந்து நாள் இருந்தது. அப்படியானால் இன்றைக்கே வையுங்கள், ரத்தப்போக்கு வந்தால் மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்றாள். வெளி அரிப்புக்குத் தனியாக ஒரு கிரீம் கொடுத்தாள். இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதையும் முகம் மாறாமல் சொன்னாள். கணவருக்கு அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லையென்றால் அவருக்கு மருந்து வேண்டாம்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு பெட்டியைப் பிரித்தேன். தோட்டா வடிவத்தில் ஒரு வெள்ளை மாத்திரை, கூடவே பிளாஸ்டிக் குழல். குழலின் தண்டை நிற்கும்வரை பின்னால் இழுத்து, முனையில் மாத்திரையைச் சொருக வேண்டும். நான் லேசாகச் சொருகியதில் அது நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடப் பார்த்தது, நல்லவேளை போர்வையில் விழுந்தது. நின்றுகொண்டு வைக்க முயன்றேன், சரிவரவில்லை. தாளில் போட்டிருந்தபடி மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, உடம்பைத் தளர விட்டால்தான் உள்ளே போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் தசை இறுகிவிடும். மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாகத் தள்ள வேண்டும். வலிக்காத அளவுக்கு எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு. பிறகு தண்டை அழுத்தினால் மாத்திரை உள்ளே தங்கிவிடும், குழலை எடுத்து எறிந்துவிடலாம். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. முன்னதாகவே கழிவறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள், வைத்த பிறகு எழுந்து நடமாடக் கூடாது. கொஞ்ச நேரம் எரிந்தது, அப்புறம் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தால் உள்ளாடையில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளை வெள்ளையாக. மாத்திரை கரையவே இல்லை, காசு வீண் என்று நினைத்துவிட்டேன். பிறகு தாளைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். மருந்து போக மீதி மாவு இப்படி வெளியே வருவது சகஜம்தானாம். ஒரு சின்ன பேட் வைத்துக்கொண்டால் போதும், டாம்பன் ஆகாது. அரிப்பு உடனே நின்றுவிடவில்லை. இரண்டாம் நாள் பாதி, நான்காம் நாள் காணோம். ஒரு வாரத்தில் போகவில்லை என்றால் டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தாள், அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது அம்மாவால்தான். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்திருந்தவர், நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அன்னிக்கு நீ வச்சியே அந்த மாத்திர, மிச்சம் இருக்கா?" என்றார். மூன்று வாரமாகச் 'சூடாம்'. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை நோய் வேறு. அந்தப் பெண் கேட்ட கேள்விகள் வரிசையாக ஞாபகம் வந்தன. வாங்கிக் கொடுக்கவில்லை, டாக்டர் பார்க்கும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூட்டிப்போனேன்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்டதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மருந்தாளர்ப் பெண்ணின் தொனியை அப்படியே கடன் வாங்கிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து பதில் சொன்னார். பரிசோதித்துவிட்டு, மருந்துப் பையை வாங்கிப் பார்த்த டாக்டர் சில மாதங்களுக்கு முன் புதிதாக ஆரம்பித்த சர்க்கரை மாத்திரை ஒன்றைத் தனியே எடுத்துவைத்தார். அது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகையாம். அந்தச் சர்க்கரையில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மறுபடி வந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிப்போம் என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே குளோட்ரிமசோலைக் கொடுத்தார்.

அன்று இரவு அம்மா மூக்குக்கண்ணாடியும் குழலுமாக அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"முழங்கால மடக்கினீங்களாம்மா?"

"மடக்கிட்டேன்."

"மூச்ச விடுங்க, அப்புறம் மெதுவா…"

"தெரியும், நீ போய்ப் படு."