துப்பட்டா விரித்த வராந்தா

பேருந்து சிக்னலில் நின்றதும் அக்கா ஜன்னல் கம்பியைத் தட்டி, "அதோ, அந்த வராந்தாவுலதான் துப்பட்டாவை விரிச்சுப் படுத்தோம்" என்றாள்.

சென்னை மெரினாவுக்கு எதிரே இருக்கும் ராணி மேரிக் கல்லூரி. 2003-ல் இதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொன்னபோது, மாணவிகள் நகரமாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டுப் போனாள் (அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, இங்கே எழுதிவிட்டேன், சரி போகட்டும்).

கல்லூரி தப்பித்தது. 1914-ல் அது தொடங்கிய கேப்பர் ஹவுஸ்தான் இப்போது இல்லை.

பாரம்பரியக் கட்டடம் என்றெல்லாம் அப்போது யோசித்தீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கடல் காத்து வர்ற கிளாஸ் ரூம் வேற எங்கடா கிடைக்கும்?"

சிக்னல் விழுந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.