எங்க ஊர் ஜிஹெச் நோயாளர் நலச் சங்கத்துக்குள்ள நான் போன கதை

மூணு வருஷம் முன்னாடி வரைக்கும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சின்னச் சின்ன ரிப்பேருக்கும் நோயாளி வசதிக்கும் உள்ளூர்லயே முடிவெடுத்துச் செலவு பண்ற நோயாளர் நலச் சங்கம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. இப்ப நான் எங்க தாலுகா ஆஸ்பத்திரி சங்கத்துல உறுப்பினர். எப்படி உள்ள போனீங்க, போய் என்ன செஞ்சீங்கன்னு மகளிர் குழுவுல நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவை உக்காந்து முழுசா எழுதிடலாம்னுதான் இது, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஆரம்பம் அம்மாவுக்கு சுகர் ஏறி, கால்ல புண்ணு வந்து பெண்கள் வார்டுல அஞ்சு நாள் படுத்திருந்ததுதான். வைத்தியத்துல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், டாக்டர் தினமும் வந்து பார்த்தார், சிஸ்டருங்க ரெண்டு வேளையும் புண்ணைத் தொடச்சுக் கட்டுனாங்க, பத்து பைசா செலவில்ல. ஆனா அந்த வார்டு பாத்ரூம் இருக்கே, அதுல பல்பும் இல்ல, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்ல. ராத்திரி அம்மாவைக் கூட்டிட்டுப் போனா உள்ள ஒரு பக்கெட்டைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதை நான் கால்ல அழுத்திக்கிட்டு, ஒரு கையில போன் லைட்டு, இன்னொரு கையில அம்மாவோட தோள். ட்ரிப்ஸ் பாட்டிலை அம்மாவே தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்குவாங்க. மூணாவது நாள் ராத்திரி கதவைத் திறந்து வெளிய வந்தா, சிசேரியன் ஆகி ரெண்டு நாளான ஒரு பொண்ணு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, கூட யாருமில்ல. "அக்கா எனக்கும் கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்கிறீங்களா"ன்னு கேட்டுச்சு. அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு.

மறுநாள் சிஸ்டர்கிட்ட போய்க் கொஞ்சம் கோவமாவே பேசிட்டேன். அவங்க திருப்பிக் கத்தல. "நாங்களும் அதே பாத்ரூம்தாம்மா போறோம், எழுதிக் குடுத்து குடுத்து ஓஞ்சு போச்சு, பொதுப்பணித் துறை, பி.டபிள்யூ.டி-ல இருந்து ஆள் வரணும்"னாங்க. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு.

அம்மா டிஸ்சார்ஜ் ஆனதும் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாள்ல மனு குடுத்தேன். அங்கதான் மொத தப்பு பண்ணேன், சுகாதாரத் துறை துணை இயக்குநருக்குன்னு எழுதிட்டேன். அது சுத்திட்டு வந்து, இது எங்களுக்கு உட்பட்டது இல்லைன்னு பதில் வந்துச்சு. இதை எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறைக்குக் கீழ வரும், தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறைக்குக் கீழ வரும், மாவட்டத்துல அதுக்கு மேலதிகாரி நலப்பணிகள் இணை இயக்குநர், எல்லாரும் ஜே.டி-ம்பாங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா அது இன்னொரு துறை. நமக்கு எல்லாமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், ஆனா மனு தப்பான மேசைக்குப் போனா ரெண்டு மாசம் வீணாப் போயிடும். ஜே.டி பேருக்குத் திரும்ப எழுதுனேன். "நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டுள்ளது"ன்னு ஒரு கடுதாசி வந்து மனுவை முடிச்சுட்டாங்க. நேர்ல போய்ப் பார்த்தேன், பல்பு மாட்டுற ஹோல்டர் அப்படியே வெறுமனே தொங்குது.

குழுக் கூட்டத்துல இதைச் சொல்லிப் பொலம்புனப்ப, முன்னாடி கிராம சுகாதார செவிலியரா (வி.எச்.என்) இருந்து ரிட்டயர் ஆன ஒரு அக்கா, "நலச் சங்கம் இருக்குமே, வருஷா வருஷம் பணம் வருமே, அதுல கேட்டியா?"ன்னாங்க. அவங்க சொன்னதை வச்சு நான் தேடிப் படிச்சதைச் சுருக்கமா சொல்றேன். தொண்ணூறுகளோட நடுவுல மத்தியப் பிரதேசத்துல இந்தூர் பெரிய ஆஸ்பத்திரியில, ஊர்க்காரங்களையும் நிர்வாகத்துல சேர்த்துக்கிட்டு ஆஸ்பத்திரியை நடத்திப் பார்த்திருக்காங்க, ரோகி கல்யாண் சமிதின்னு அதுக்குப் பேரு. 2005-ல தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் வந்தப்ப அதையே நாடு முழுக்கக் கொண்டுவந்தாங்க. நம்ம ஊர்ல அதுதான் நோயாளர் நலச் சங்கம். சின்னச் சின்ன ரிப்பேரு, சுத்தம், நோயாளிகளுக்கு வேண்டிய வசதின்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்காம உள்ளூர்லயே முடிவெடுத்துச் செலவு பண்றதுக்குத்தான் அந்தப் பணம். மத்திய அரசு நூத்துக்கு 60, மாநில அரசு 40 போடுது. விதிமுறையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்கு ரூ.1.75 லட்சம் வரைக்கும், தாலுகா ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு ரூ.5 லட்சம் வரைக்கும்னு இருக்கு. எவ்ளோ நோயாளி வர்றாங்களோ அதைப் பொறுத்துக் கூடக் குறைய வரும்.

ரூ.10 கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்.டி.ஐ) மனு போட்டேன். ரெண்டே கேள்விதான், உறுப்பினர் யாரு யாரு, ரெண்டு வருஷத்துல எப்பெப்ப கூட்டம் நடந்துச்சு. 30 நாளுக்குள்ள பதில் வந்துருச்சு. ரெண்டு வருஷத்துல மூணு கூட்டம். உறுப்பினர் லிஸ்ட்ல ஒருத்தர் ஊரைவிட்டே போய் வருஷக்கணக்காச்சு, எங்க தெருவுக்கே தெரியும். பொதுமக்கள் சார்புல பெண் ஒருத்தர்கூட இல்ல. பிரசவத்துக்கும் சுகருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றதுல பாதிக்கு மேல பொம்பளைங்க.

அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு நேரா பத்திரிகைக்குப் போகலாம்னு வீட்டுல சொன்னாங்க. நான் தலைமை டாக்டர்கிட்டயே போனேன், ஓ.பி முடிஞ்சு 1 மணிக்கு மேல, ரெண்டு அக்காங்களைக் கூட்டிக்கிட்டு. சண்டைக்கு வரல சார், சங்கத்துல சேரணும், வேலை செய்யணும்னு சொன்னோம். அவர் அந்த லிஸ்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது நான் வர்றதுக்கு முன்னாடி போட்ட லிஸ்டும்மா, மாத்தணும்"னார். எங்க மகளிர் குழு கூட்டமைப்புல தீர்மானம் போட்டு என் பேரை எழுதிக் குடுத்தோம், அது ஜே.டி ஆபீஸ் போய் ஓகே ஆகி வர நாலு மாசம் ஆச்சு. நடுவுல ஆறு தடவை போய்க் கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் தேதியையும் யாரைப் பார்த்தேன்னும் ஒரு நோட்டுல எழுதி வச்சேன்.

மொத கூட்டத்துல டீ குடுத்தாங்க, வரவு செலவு வாசிச்சாங்க, மினிட்ஸ் நோட்டை நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பார்த்தா தீர்மானம் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கு. படிச்சுட்டுப் போடுறேன்னேன். ஆபீஸ் கிளார்க்குக்கு முகம் மாறிடுச்சு, எனக்கும் கை நடுங்குச்சு, ஆனாலும் படிச்சேன், பின்னாடி பக்கத்தையும் புரட்டுனேன். அங்க இருக்கு, ரெண்டு கூட்டத்துக்கு முன்னாடியே "பெண்கள் வார்டு கழிவறை பழுது நீக்கம் செய்யத் தீர்மானிக்கப்பட்டது". யாரு செய்யணும்னு இல்ல, எவ்ளோ ரூபான்னு இல்ல, எந்தத் தேதிக்குள்ளன்னும் இல்ல. அம்மாவோட நான் பக்கெட்டைப் பிடிச்சுட்டு நின்னப்ப அந்தத் தீர்மானம் பீரோவுக்குள்ள இருந்திருக்கு.

இனிமே ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்துல யாரு, எவ்ளோ, எப்பன்னு மூணையும் எழுதலாமான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் யாரும் பேசல. ஹெட் சிஸ்டர்தான் "எழுதுங்க சார், நல்லதுதான்"னாங்க. சிஸ்டருங்க பல தடவை கேட்டும் நடக்காம இருந்ததுக்கு அன்னைக்குத்தான் வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு அவங்களுக்கு. கட்டடத்துல பெரிய வேலைன்னா பொதுப்பணித் துறை எஸ்டிமேட் போட்டுத்தான் ஆகணும், ஆனா தாழ்ப்பாளுக்கும் பல்புக்கும் அவங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லைன்னு அன்னைக்குத்தான் எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணோம். மூணு கடையில கொட்டேஷன் வாங்கி, எட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள், பல்பு, அதோட உள்ள சுவத்துல ஒரு கொக்கி. கொக்கி ஹெட் சிஸ்டர் யோசனை, ட்ரிப்ஸ் பாட்டில் மாட்டுறதுக்கு. எனக்கு அது தோணவே இல்ல, அஞ்சு நாள் அங்கேயே கெடந்தும். பன்னெண்டு நாள்ல வேலை முடிஞ்சுது.

அடுத்தது ஓ.பி க்யூ. இதுக்கு நானும் ஹெட் சிஸ்டரும் ஒரு செவ்வாக்கிழமை காலையில 6 மணிக்கே கேட்டுல போய் நின்னோம். சீட்டு குடுக்குற கவுண்டர் திறக்குறது ஏழரைக்கு, ஆனா ஆறேகாலுக்கே வயசானவங்க தரையில உக்காந்துட்டாங்க, செருப்பைக் கழட்டி வரிசையில வச்சுட்டு. ஒவ்வொருத்தர்கிட்டயும் எதுக்கு வந்தீங்கன்னு கேட்டு நோட்டுல கோடு போட்டோம். எண்ணிப் பார்த்தா கிட்டத்தட்ட பாதிப் பேர் பழைய சுகர், பிரஷர் மாத்திரையே திரும்ப வாங்க வந்தவங்க. காய்ச்சலோட கைக்குழந்தையை வச்சிருக்குற அம்மாவும் அதே வரிசையில நிக்குது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சாச்சு, அதுல வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து குடுக்குற மகளிர் சுகாதாரத் தன்னார்வலருங்க எங்க குழுக்கள்ல இருந்து போனவங்கதான். அப்புறம் ஏன் இவ்ளோ பேர் இங்க நிக்குறாங்கன்னு கேட்டா, பாதிப் பேர் பேரு அந்த லிஸ்ட்லயே ஏறல, ஏன்னா இவங்க காட்டுறது தாலுகா ஆஸ்பத்திரியில, வீட்டுக்கு மாத்திரை குடுக்குறது ஆரம்ப சுகாதார நிலையம் வழியா. ரெண்டு துறைக்கு நடுவுல ஒரு லிஸ்ட் கைமாறல, அவ்ளோதான்.

டாக்டர் ஒத்துக்கிட்டு, சுகர், பிரஷர் கன்ட்ரோல்ல இருக்குறவங்க பேரை வாராவாரம் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணார். மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தா போதும்னு அவங்கவங்ககிட்ட சொல்லியும் அனுப்புறாங்க. அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குத் தனி வரிசையும் நாலு பெஞ்சும் சங்கப் பணத்துல வந்துச்சு.

எல்லாம் நடந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ட்யூட்டியில ஒரே ஒரு சிஸ்டர் ரெண்டு வார்டையும் பார்க்குறாங்க, அதுக்குச் சங்கத்தால ஒண்ணும் பண்ண முடியல, நர்ஸ் போஸ்டிங் எல்லாம் சென்னையில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியா வரணும். சுகாதார சீரமைப்புத் திட்டத்துல, ஜனங்களோட சுகாதாரத் தேவை என்னன்னு கேக்குற மாவட்ட சுகாதாரப் பேரவைன்னு நடத்துனாங்க இல்ல, அதுல எங்க ஊர் சார்புல எழுதிக் குடுத்திருக்கோம். இன்னும் வரல. ஒவ்வொரு கூட்டத்துலயும் மினிட்ஸ்ல அதை மொத வரியா எழுத வைக்கிறேன்.

உள்ள போகணும்னு நினைக்கிறவங்க ஆர்.டி.ஐ-யை மிரட்டலா காட்டாதீங்க, அது கையில தகவல் வச்சுக்கத்தான். சிஸ்டருங்ககிட்டயும் துப்புரவுப் பணியாளருங்ககிட்டயும் மொதல்ல பேசுங்க, எங்க ஓட்டை இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கூட்டத்துக்குத் தனியா போகாதீங்க, உறுப்பினர் இல்லாட்டியும் வாசல்ல ரெண்டு பேர் உக்காந்திருந்தா உங்களுக்கும் தைரியம்.

புகார்ப் பெட்டி ஒண்ணு ஓ.பி வாசல்ல ரொம்ப நாளா பூட்டியே கெடந்துச்சு, சாவி எங்கன்னே யாருக்கும் தெரியல. பூட்டை உடைச்சு வேற பூட்டு போட்டோம். இப்ப கூட்டத்துலதான், எல்லார் முன்னாடியும் திறக்குறோம். போன மாசம் பதினோரு சீட்டு இருந்துச்சு. ஒண்ணு ஸ்கூல் நோட்டுல கிழிச்ச பேப்பர், பென்சில் எழுத்து, "லேப் வெளிய ஃபேன் ஓடல, பாட்டிக்கு மயக்கம் வந்துச்சு"ன்னு. கிளார்க்கே அதை நோட்டுல ஏத்தி, பக்கத்துல எலக்ட்ரீஷியன் பேரு, ரூ.1,800, பதினஞ்சாம் தேதின்னு எழுதிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பி, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னார்.