நாய்க்குட்டி தத்தெடுப்பு: தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

குட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் கம்பியருகே வந்து நின்றது, பிடித்துப்போய்விட்டது. காப்பகத்தில் கேட்ட கேள்விகளும் சுலபம்தான். அலைச்சல் எல்லாம் அதற்கப்புறம்.

முதல் சிக்கல் ஹவுஸ் ஓனர் கடிதம். விண்ணப்பத்தில் வாடகை வீடா என்று கேட்டிருந்தார்கள், ஆமாம் என்று எழுதியிருந்தேன். குட்டியை அழைத்துவரப் போன அன்றுதான், "ஓனர் கையெழுத்துப் போட்ட லெட்டர் எங்கே?" என்றார் மேசையில் இருந்தவர். படிவத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை, போனில் பேசியபோதும் யாரும் சொல்லவில்லை. ஓனரையே போனில் பேசச் சொல்கிறேன் என்றேன், அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓனர் மறுத்ததால் திரும்பி வருகிற குட்டிகள்தான் பாவம். ஆனால் முன்கூட்டியே சொல்ல என்ன தடை? ஒரு பயணம் வீண். வாடகை வீட்டில் இருப்பவர்கள், யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கடிதத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தோடு போனால், அடுத்தது தடுப்பூசி அட்டை. ஊசிக்கான கட்டத்தில் 'போட்டாச்சு' என்று மட்டும் எழுதியிருந்தது. தேதி இல்லை, மருந்தின் பெயர் இல்லை, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற லேபிளும் இல்லை. "எல்லா ஊசியும் போட்டாச்சுங்க, தைரியமா கூட்டிட்டுப் போங்க" என்றார் அதே ஊழியர். இரண்டு மாதக் குட்டிக்கு எல்லா ஊசியும் எப்படி முடிந்திருக்கும்?

தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிறவரை, போடுகிற ஊசியை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாதம் ஆனபிறகுதான். முந்தைய தேதி தெரியாமல் அடுத்ததை எந்தக் கணக்கில் போடுவது? இந்த ஊசிகள் தடுக்கிற, குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிச் சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சரி போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் வரும்வரை நகரமாட்டேன் என்று வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். போட்டிருந்தது ஒரே ஒரு ஊசி, இரண்டாவதற்கு நாளும் வந்திருந்தது! "கேட்டது நல்லதாப் போச்சு" என்று அங்கேயே போட்டு, லேபிள் ஒட்டி, முதல் ஊசியின் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவ்வளவு நேரம் காத்திருந்த எரிச்சல் அந்த நிமிடமே போய்விட்டது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த தேதியையும் கையோடு எழுதி வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருத்தடை உறுதிமொழி, போட்டோ எல்லாம் சீக்கிரமே முடிந்தன.

வீட்டுக்கு வந்தபிறகு முதல் இரண்டு வாரம் கண்ணும் கருத்துமாக இருங்கள். பார்வோ தொற்றினால் வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. காப்பகத்தில் துள்ளி விளையாடியது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பாட்டையும் உடனே மாற்ற வேண்டாம். அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு அதையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அது நோயா, புதுச் சாப்பாடா என்ற குழப்பமாவது மிஞ்சாது.

ஊசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் நடமாடும் தரையில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக அறைக்குள்ளேயே அடைத்தும் வைக்கக் கூடாது. 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி புது மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பழகுகிற காலம். நான் தினமும் தூக்கிக்கொண்டே வாசலில் நின்றேன், வண்டிச் சத்தத்துக்கெல்லாம் இப்போது அசைவதே இல்லை.

போன வாரம் கடைசி லேபிளும் அட்டையில் ஏறியது, ரேபிஸும் முடிந்தது. இன்னும் சில நாள் பொறுத்துத் தெருவில் நடக்கவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுத்துப்பட்டையும் கயிறும் வாங்கி வைத்துவிட்டேன்.