தீர்த்தமலையில் ஒரு உள்ளங்கைத் தண்ணீர்

தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் முதலில் அனுமன்தீர்த்தத்தில் தலை முழுகிவிட்டு, அப்புறம்தான் மலை ஏறவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அனுமன்தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம். தீர்த்தமலையோ தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம். சாமி கும்பிடுகிறவர்களுக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் கணக்கில்லை. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் பாதிப் பலன் என்று என் மாமியார் அடித்துச் சொல்வார்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராவண வதம் முடிந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைக்கிறார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வரத் தாமதமாகிறது, பூஜை வேளையோ தாண்டிக்கொண்டிருக்கிறது. ராமர் மலைப்பாறையில் ஒரு அம்பு விட, பாறை பிளந்து தண்ணீர் வருகிறது. பூஜை முடிந்தபின் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அனுமனுக்குக் கோபம். கொண்டுவந்த கங்கை நீரை வீசி எறிந்துவிடுகிறார். அது போய் விழுந்த இடம் அனுமன்தீர்த்தம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அனுமனின் கோபம்தான். அத்தனை தூரம் தூக்கிவந்தவருக்குக் கோபம் வராதா? ஆனால் ராமர் செய்ததையும் யோசித்துப் பார்க்கிறேன். காசித் தண்ணீர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காலடிப் பாறைக்குள் இருந்த தண்ணீரையே எடுத்து அபிஷேகம் செய்துவிட்டார். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

நாங்கள் போனது பங்குனிக் கடைசியில். நல்ல வெயில். அனுமன்தீர்த்தத்தில் ஆறு பாதி மணல், பாதி பாறை. பள்ளமான இடங்களில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு இங்கே இடுப்பளவு தண்ணீரில் கூட்டம் நிற்கும். தலையில் அருகம்புல்லும் காசும் வைத்து முழுகுவார்கள், ஊர் ஊராகக் குலசாமிச் சிலைகளைக் கொண்டுவந்து நீராட்டுவார்கள். அன்றைக்கு எங்களோடு இருந்தது இரண்டு குடும்பமும் நாலைந்து ஆடும்தான். அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சொம்பில் மொண்டு தலையில் மூன்று முறை ஊற்றிக்கொண்டார். என் மகன் முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்து "முழுகிட்டேன்" என்று அறிவித்தான்.

இந்த ஆற்றை அப்படிப் பார்க்கையில் 2024 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல். ஏரி உடைத்துக்கொண்டு, பஸ் நிலையத்துப் பக்கம் நின்ற வேன்களும் கார்களும் உருண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அத்தனை தண்ணீரும் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையை நிரப்பி, திறந்துவிட்டதும் விழுப்புரம், கடலூரை மூழ்கடித்துக் கடலுக்குப் போனது. பிறகு அதே கரையில் பங்குனி வெயிலில் சொம்புக்கு மொள்ள ஆழமான இடம் தேட வேண்டியிருந்தது.

ஆற்றின் மேல்பக்கத்துச் சங்கடம் வேறு. நந்தி மலையில் பிறந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போதே வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டு வருகிறது. வழியில் கலக்கிற சாக்கடையும் ஆலைக்கழிவும் செய்கிற வேலை. தலையில் ஊற்றிக்கொள்ளும்போது இதையெல்லாம் நினைக்கக்கூடாது என்பார் அத்தை. நினைக்காமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து தீர்த்தமலை. அடிவாரத்தில் ஒரு கோயில், அதைக் கும்பிட்டுவிட்டுப் படி. வயசானவர்களோடு நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கையில் பை இருந்தால் குரங்குக்குக் கணக்கு சொல்லவேண்டும். எங்கள் வாழைப்பழம் பாதி வழி தாண்டவில்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

மேலே தீர்த்தகிரீசுவரர், அம்மன் வடிவாம்பிகை. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கிற கோயில், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ராமர் தீர்த்தம், குமரர் தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று கோயிலைச் சுற்றியே வரிசையாகத் தீர்த்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, அது தீர்க்கிற ஒரு நோய். எல்லாரும் முதலில் ஓடுவது ராமர் தீர்த்தத்துக்குத்தான்.

உயரத்தில் பாறை விளிம்பு. அங்கிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கி வருகிறது. குற்றாலம், ஒகேனக்கல் பார்த்தவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள், என் மகனும் சொன்னான். காற்று ஒரு பக்கமாக வீசினால் அந்த நூலும் அந்தப் பக்கம் போய்விடும். கீழே நிற்கிறவர் ஒரு அடி நகர்ந்து தலையை அதற்கு நேரே காட்டவேண்டும். அது விழுகிற இடத்தில் பாறை கறுத்து வழவழவென்று இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. ஒருவர் நனைந்து வெளியே வந்தால்தான் அடுத்தவர்.

கோடையிலும் இது நிற்பதில்லை என்பதுதான் இந்த மலையின் பெருமை. ராமபாணத்தை நம்புகிறவளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை, நானும் நம்புகிறவள்தான். கூடவே கண்ணுக்குத் தெரிகிற விளக்கமும் இருக்கிறது. மேலே பெய்கிற மழையை மரமும் புதரும் மண்ணும் பிடித்துவைத்துப் பாறை வெடிப்புக்குள் இறக்குகின்றன. வெடிப்புக்குள் போன தண்ணீர் அவசரப்படாமல் மாதக்கணக்கில் கசிந்து வெளியே வருகிறது. கீழே ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஓடித்தொலைந்த மழையை மலை தன் அளவுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. நம் ஊர் ஏரிகளும் ஒரு காலத்தில் இந்த வேலையைத்தான் செய்தன. மதகும் வரத்துக்காலும் தூர்ந்துபோன ஏரி, மழைக்கு ஒரே நாளில் நிரம்பி வழிந்துவிட்டுச் சித்திரையில் கிரிக்கெட் மைதானமாகிறது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன் கூட்டம். தண்ணீருக்கடியில் நின்றுகொண்டு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்கள். பின்னால் ஒரு பெரியவர் ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார். ஷாம்பு நுரை போகிற அளவுக்கு அந்த நூல் தண்ணீர் எப்போது விழுந்து முடிப்பது? அத்தைதான் குரல் கொடுத்தார். "ஏம்பா, சாமித் தண்ணியில சோப்பு போடறீங்களே, கீழ இருக்கற ஆளு இதைத்தானே குடிக்கணும்?" பையன்கள் நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்கள். கிழித்த பாக்கெட் அங்கேயே கிடந்தது. பக்கத்தில் யாரோ தோஷம் கழியட்டும் என்று அவிழ்த்துப் போட்ட ஈரத்துணி ஒரு குவியல். பாவம் கழிக்க வருகிற இடத்தில் பாலிஸ்டர் வேட்டியைக் கழித்துவிட்டுப் போகிறார்கள்.

சன்னதியில் தீபாராதனை முடிந்து தீர்த்தம் கொடுத்தார்கள். அத்தை தீர்த்தம் வாங்குவதைப் பார்க்கவேண்டும். புடவைத் தலைப்பை இடது கையால் கீழே ஏந்தி, அதன்மேல் வலது உள்ளங்கையைக் குழித்து வைத்தார். குருக்கள் உத்தரணியால் விட்டது ஐந்து மில்லிகூட இருக்காது. சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டு, கையில் மிஞ்சிய ஈரத்தைக் கண்ணில் ஒற்றி, உச்சந்தலையில் தடவிக்கொண்டார். கீழே ஒரு சொட்டு விழவில்லை. விழுந்தால் யார் காலிலாவது படும், மிதிக்கிற பாவம் நமக்கு என்பது அவர் கணக்கு.

அத்தைக்குத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் பல்லே சாட்சி. சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். பல்லெல்லாம் பழுப்புக் கோடு. வெற்றிலை கிடையாது, புகையிலை கிடையாது, எல்லாம் கிணற்றுத் தண்ணீர் செய்தது. எங்கள் மாவட்டத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு அதிகம். நிலத்தடி நீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அளவு. பல ஊர்க் கிணறுகளும் போர்வெல்களும் அதைத் தாண்டியவை. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கறை நிற்கும், வருஷக்கணக்காகக் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், ஃப்ளோரைடு போகாது.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் கடனில் கட்டியது. எங்கள் வீட்டில் அன்றுமுதல் இரண்டு ஜாதித் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் எவர்சில்வர் குடங்களில், மூடி போட்டு, குடிக்கவும் சமைக்கவும். போர் தண்ணீர் மாடித் தொட்டியில், மற்ற எல்லாவற்றுக்கும். குழாய் வருகிற நாளில் குடம் நிரம்பும்வரை அத்தை நகரமாட்டார். நிரம்பி வழிந்தால் கீழே ஒரு அலுமினியச் சட்டி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக் கழனித் தொட்டிக்குப் போகும். தண்ணீரைச் சிந்தினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்ற பேச்சை நான் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே கேட்டுவிட்டேன்.

வீட்டில் ஆர்.ஓ. மிஷின் மாட்டியபோது ஒரு சண்டை வந்தது. ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க அது இரண்டு மூன்று குடத்தைக் கழித்துவிடும். "ஒகேனக்கல்ல இருந்து பம்ப்பு வச்சு ஏத்தி அனுப்பறான், அதை நீ மறுபடி மிஷின்ல போட்டுச் சாக்கடைக்கு விடறியா, கண்ணு?" என்றார். போர் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடை நீக்க ஆர்.ஓ. உதவும், அது உண்மை. குழாயில் காவிரி வருகிற வீட்டுக்கு அது தேவையா என்றால், அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் வராத வாரங்களில் மட்டும் மிஷின் ஓடுகிறது. அது கழிக்கிற தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குப் போய், தரை துடைக்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது எல்லார் கையிலும் தீர்த்தக் கேன். ஐந்து லிட்டர், பத்து லிட்டர் என்று தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அத்தை நிரப்பிக்கொண்டது ஒரே ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு. "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கலாமே அத்தை" என்றேன். "பின்னால வர்றவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சொம்பு வாயில் துணியைச் சுற்றிக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அதில் கொஞ்சம் பூஜை அறையில் வைத்தார். குடிக்கிற குடத்தில் கொஞ்சம். மீதியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியபோதுதான் நாங்கள் கவனித்தோம். தொட்டி மூடியைத் திறந்து, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என்று ஏழு நதிகளையும் கூப்பிட்டு, சொம்பைக் கவிழ்த்தார்.

"இனிமே இந்தத் தொட்டித் தண்ணி பூரா ராமர் தீர்த்தந்தான். பார்த்துப் புழங்குங்க."

கீழே என் வீட்டுக்காரர் வண்டி கழுவ ஹோஸைக் கையில் எடுத்திருந்தார். மேலே பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், பக்கெட்டையும் பழைய துணியையும் தேடிக்கொண்டு போனார்.

மகனுக்குத்தான் சந்தேகம். "ஆயா, அப்ப பாத்ரூமுக்கு?"

"அதுக்கும் அதேதான்டா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. ரெண்டு சொம்புல முடிக்க வேண்டியதை ஏழு சொம்பு ஊத்தினாத்தான் கோவிச்சுக்கும்."

தொட்டியின் மிதவை வால்வு ரொம்ப நாளாகச் சரியில்லை. நிரம்பினால் மாடியில் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே நாளைக்குப் பதினைந்து லிட்டருக்கு மேல் போய்விடும், இது சொட்டு இல்லை, ஒழுக்கு. மறுநாள் காலையில் பிளம்பர் வந்தார். எவ்வளவோ தடவை சொல்லியும் ஆகாத வேலை. வால்வு நூற்றைம்பது ரூபாய், கூலி தனி. தொட்டிக்குள் கையை விடப் போனவரை அத்தை நிறுத்தி, முதலில் கால் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.